பெருந்துளை மேக்னம் ரிவால்வர்கள்: மறுவிற்பனைச் சந்தையில் கிடைப்பும் சேகரிப்பு மதிப்பும்

அமெரிக்காவின் மறுவிற்பனைத் துப்பாக்கிச் சந்தையில் ஆற்றல் மிகுந்த பெருந்துளை ரிவால்வர்களுக்கு உரிய இடம் எது என்று ஆராயப் புகுந்தால், அதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் பிணைந்து கிடப்பது தெரியவரும். அவை எளிதில் கிடைக்கின்றனவா என்பது ஒன்று. கிடைப்பவற்றுள் சேகரித்துப் பாதுகாக்கும் தகுதி எவற்றுக்கு உண்டு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், பெரிய தோட்டாவைச் சுடுகிறது என்பதாலேயே ஒரு துப்பாக்கி அரியது என்றும், அரியதென்பதால் அதன் விலை ஏறிக்கொண்டே போகும் என்றும் நம்பி வாங்கிப் பின்னர் வருந்துவோர் இருக்கிறார்கள். இத்துறையின் வரலாற்றை முழுமையாக எடுத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு வேறு. ஆற்றல் ஒரு ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவருகிறதே தவிர அதை அரும்பொருள் ஆக்குவதில்லை. அதன் உற்பத்தி வரலாறும், அதனோடு வந்த காகிதங்களும், பின்வந்தவர்களின் கை படாத மூல நிலையுமே அதை அரும்பொருள் ஆக்குகின்றன.

ரிவால்வரின் துளை விட்டம் அங்குலத்தின் தசமப் பகுதிகளில் குறிக்கப்படுகிறது. இந்த எண்கள் எப்போதும் துல்லியமானவை அல்ல; .44 மேக்னம் எனப்படும் தோட்டாவின் குண்டு உண்மையில் 0.429 அங்குல விட்டமே உடையது. ‘மேக்னம்’ என்பது, புழக்கத்தில் இருந்த ஒரு தோட்டாவின் பித்தளை உறையை ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் நீட்டி, மிகுந்த அழுத்தம் தரும்படி மருந்து நிரப்பி உருவாக்கிய புதிய தோட்டாவைக் குறிக்கும். உறையை நீட்டியதற்குக் காரணம் மருந்துக்கு இடம் போதாமை மட்டுமன்று. அந்த அழுத்தத்தைத் தாங்காத பழைய துப்பாக்கிகளின் அறைக்குள் புதிய தோட்டா நுழைந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையே முதன்மைக் காரணமாகும். .38 ஸ்பெஷலிலிருந்து 1935-இல் .357 மேக்னமும், .44 ஸ்பெஷலிலிருந்து 1955-இன் இறுதியில் .44 மேக்னமும் இவ்வாறு பிறந்தன. பெருந்துளை என்ற சொல் கண்டிப்பான பொருளில் .40-க்கு மேற்பட்டவற்றையே சுட்டும் என்றாலும், இந்த மரபு முழுவதற்கும் தொடக்கமாக அமைந்தது என்பதால் .357-ஐ விலக்கிவிட்டு இதைப் பேச இயலாது.

கிடைப்பு என்ற கேள்விக்கான விடை இத்துப்பாக்கிகளின் இயற்பியலிலேயே அடங்கியிருக்கிறது. .44 மேக்னத்தின் வழக்கமான 240 கிரெயின், அதாவது ஏறத்தாழ பதினைந்தரை கிராம் எடையுள்ள குண்டு, நொடிக்கு 1,300 அல்லது 1,400 அடி வேகத்தில் குழலை விட்டு வெளியேறும்போது, அதற்கு ஈடான பின்னுதைப்பு முழுவதையும் சுடுபவரின் இரு கைகளே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திரைப்படத்தாலோ நண்பர் பேச்சாலோ ஈர்க்கப்பட்டு வாங்கியவர்களில் பலர் ஒரு பெட்டித் தோட்டாவைக்கூடச் சுட்டு முடிக்காமல், மீதித் தோட்டாக்களையும் சேர்த்தே விற்றுவிடுவது இத்துறையில் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் வழக்கம். 2003-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம், ‘எக்ஸ்’ என்று பெயரிட்ட புதிய பெருஞ்சட்டகத்தில் .500 மேக்னத்தை வெளியிட்டபோது இந்த வழக்கம் இன்னும் வலுப்பட்டது. ஐந்து தோட்டாக்களே கொள்ளும் அந்த ரிவால்வர் நீண்ட குழலோடு சுமார் இரண்டு கிலோ எடையுள்ளது; .44-ஐப் போல இரு மடங்குக்கும் மிகுந்த ஆற்றலை அதன் தோட்டாவால் தர இயலும். எனவே மறுவிற்பனைக்கு வரும் பெருந்துளை ரிவால்வர்களில் கணிசமானவை ஏறத்தாழப் புதியனவாகவே இருக்கின்றன. சிறிய துளைத் துப்பாக்கிகளில் காண முடியாத இந்த நிலைமை வாங்குபவருக்கு நன்மையானது. ஆனால் அதே காரணத்தால், ‘அதிகம் சுடப்படாதது’ என்ற தகுதி இவ்வகையில் தனிச் சிறப்பாகக் கருதப்படுவதில்லை.

சந்தைக்கு வரும் வழிகள் வேறும் உண்டு. காவல் துறைகள் ரிவால்வரைக் கைவிட்டுத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறியபோது பழையவை மொத்தமாக வெளியேறின. .41 மேக்னம் 1964-இல் காவலர்களை மனத்தில் கொண்டே அறிமுகமானது. அதற்கென ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அலங்காரம் ஏதுமின்றி, நிலையான குறிநோக்கிகளோடு உருவாக்கிய மாடல் 58-ஐ சான் அன்டோனியோ போன்ற சில நகரங்களின் காவல் துறைகள் ஏற்றன. பெரும்பாலான துறைகள் அதன் எடைக்கும் உதைப்புக்கும் அஞ்சி ஏற்காமல் விட்டதால் உற்பத்தி குறைவாகவே நடந்தது. அன்று விலைபோகாத அந்த எளிய பணித்துப்பாக்கியை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அடுத்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்த்துவைத்த தலைமுறை மறையும்போது, அவர்களுடைய தொகுப்புகளை வாரிசுகள் ஏலத்துக்கு அனுப்புவதும் முதல்தரப் பொருள்கள் வெளிவரும் முக்கிய வாயிலாக இருக்கிறது.

சேகரிப்பு மதிப்பு எவ்வாறு உருவாகிறது என்பதற்கு 1935-இன் ‘ரெஜிஸ்டர்டு மேக்னம்’ மிகச் சிறந்த சான்று. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், அறுபது டாலர் என்ற அக்காலத்துப் பெருந்தொகைக்கு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதை ஒவ்வொன்றாக ஆணை பெற்றுச் செய்து கொடுத்தது. வாங்குபவர் மூன்றரை அங்குலம் தொடங்கி எட்டே முக்கால் அங்குலம் வரை, கால் அங்குல இடைவெளியில், தமக்கு வேண்டிய குழல் நீளத்தைக் கேட்கலாம். குறிநோக்கிகளையும் கைப்பிடிகளையும் மெருகையும் தாமே தேர்ந்துகொள்ளலாம். உருளையைத் தாங்கும் கையை வெளியே திறந்தால், அதன் வெட்டுப் பகுதியில் வரிசை எண்ணோடு ‘ரெஜ்’ என்று தொடங்கும் தனிப் பதிவெண் ஒன்று பொறித்திருப்பதைக் காணலாம். துப்பாக்கியோடு வரும் அட்டையை நிரப்பி அனுப்பினால், அந்தப் பதிவெண்ணும் உரிமையாளர் பெயரும் தாங்கிய சான்றிதழ் தொழிற்சாலையிலிருந்து வந்து சேரும். முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ.யின் தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்கு வழங்கப்பட்டது. தளபதி ஜார்ஜ் பேட்டன் தந்தப் பிடியிட்டுத் தரித்த மூன்றரை அங்குலக் குழல் கொண்ட .357-உம் இவ்வரிசையைச் சேர்ந்ததே. சில நூறு ஆணைகள் வந்தால் போதும் என்று தொடங்கிய முயற்சிக்கு எதிர்பாராத வரவேற்பு கிடைத்து, 1939-இல் பதிவுமுறை நிறுத்தப்படும்போது சுமார் ஐயாயிரத்து ஐந்நூறு துப்பாக்கிகள் வெளிவந்திருந்தன.

இவற்றின் ஆற்றல் இன்று வியப்புக்குரியதே அன்று. எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண .357 ரிவால்வர் அதே தோட்டாவை அதே வலிமையோடு சுடுகிறது. ஆயினும், சான்றிதழோடும் மூலப் பெட்டியோடும் கிடைக்கும் ஒரு ரெஜிஸ்டர்டு மேக்னத்தின் விலை புதிய ரிவால்வர் ஒன்றின் விலையைப் போலப் பன்மடங்காக இருக்கிறது. கையால் தேய்த்துப் பொருத்திய உள்ளுறுப்புகளின் வழவழப்பும், குழலின் மேல் விளிம்பில் ஒளி சிதறாதபடி வெட்டிய நுண்கட்டங்களும், ஒருவருக்காகவே ஒன்றைச் செய்த அந்தக் காலத்தின் தொழில் நேர்மையும் சேர்ந்துதான் அம்மதிப்பை ஈட்டித் தந்தன. அமெரிக்க உலோகக் கைவினையின் உச்சங்களுள் ஒன்றாக இதைக் கருதுவது மிகையாகாது.

மறுவிற்பனைச் சந்தையில் மிகுதியாகப் பேசப்படுவது .44 மேக்னத்தைத் தாங்கிய மாடல் 29. ஐடஹோவின் பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத், .44 ஸ்பெஷல் தோட்டாக்களில் மிகுதியாக மருந்து நிரப்பிப் பல ஆண்டுகள் சோதித்து, அதைத் தொழில்முறையில் செய்து தருமாறு இடையறாது வற்புறுத்தியதன் விளைவாக ரெமிங்டன் தோட்டாவையும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியையும் உருவாக்கின. ‘மாடல் 29’ என்ற எண் 1957-இல்தான் வந்தது. அதற்கு முற்பட்டவற்றுள், பக்கத் தகட்டில் நான்கும் விசைக்காப்பின் முன்னே ஒன்றுமாக ஐந்து திருகுகள் கொண்டவை மிக முந்தையவை. விரைவில் மேல் திருகு நீக்கப்பட்டு நான்காயிற்று. சுடும்போது தானாகக் கழன்றுவிடாதபடி, உறைகளை வெளித்தள்ளும் தண்டின் மரை 1960-இல் இடப்பக்கமாகத் திருப்பப்பட்டபோது ‘29-1’ தோன்றியது. அது மிகச் சிலவே செய்யப்பட்டதால் பெரும் அருமை பெற்றுள்ளது. விசைக்காப்புத் திருகும் நீக்கப்பட்ட ‘29-2’ 1961-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இன்று சந்தையில் மிகுதியாகக் காணப்படும் பழைய .44 இதுவே. வரிசை எண் ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கினால் 1969-க்கு முற்பட்டது என்றும், ‘என்’ என்று தொடங்கினால் பிற்பட்டது என்றும் பொதுவாகக் கொள்ளலாம்.

மாடல் 29-ஐ நாயகன் ஏந்திய ‘டர்ட்டி ஹாரி’ திரைப்படம் 1971-இல் வெளிவந்ததும், அதுவரை வேட்டைக்காரர்கள் மட்டுமே அறிந்திருந்த இத்துப்பாக்கிக்கு நாடெங்கும் தேவை எழுந்தது; தொழிற்சாலை ஈடுகொடுக்க முடியாமல் போனதால், பயன்படுத்திய துப்பாக்கிகளே நிர்ணய விலைக்கு மேல் விற்கப்பட்டன. அத்திரைப்படத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஆறரை அங்குலக் குழல் 1979-இல் ஆறு அங்குலமாகக் குறுக்கப்பட்டதால், அந்த அரை அங்குலமே இன்றுவரை விலை வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கிறது. மற்றொரு எல்லைக்கோடு 1982. அதுவரை குழல் சட்டகத்தோடு குறுக்காக ஒரு சிற்றாணியால் பூட்டப்பட்டிருந்தது. உருளையின் ஒவ்வோர் அறையின் வாயும் தோட்டாவின் அடிவிளிம்பு உள்ளே அமிழும்படி குடையப்பட்டிருந்தது. செலவு கருதி இரண்டும் நீக்கப்பட்டன. இவை இல்லாததால் துப்பாக்கி வலுவிழந்துவிடவில்லை. ஆயினும் கவனம் மிகுந்த ஒரு காலத்தின் அடையாளங்களாகச் சேகரிப்பாளர்கள் இவற்றைப் போற்றுகிறார்கள்.

உண்மையில், சுடுவதற்கென வாங்குபவருக்குப் பிற்காலத் துப்பாக்கியே ஏற்றது என்று சொல்ல நியாயம் உண்டு. உலோக உருவ இலக்குகளை நெடுந்தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்தும் போட்டிகள் 1970-களின் பிற்பகுதியில் பரவியபோது, ஆயிரக்கணக்கான முழுவலுத் தோட்டாக்களைச் சுட்ட மாடல் 29-கள் சில தளர்வுற்றன. உதைப்பின் வேகத்தில் உருளை பூட்டுவிட்டுப் பின்னோக்கிச் சுழல்வதும் நிகழ்ந்தது. அதன் பின்னர் 1980-களின் இறுதியில் நிறுவனம் உள்ளுறுப்புகளை வலுப்படுத்தியது. எனவே வலுவில் மேம்பட்டது ஒன்று, மதிப்பில் மேம்பட்டது மற்றொன்று என்ற முரண் இவ்வரிசையில் நிலைத்துவிட்டது. 2001-க்குப் பின் சட்டகத்தின் இடப்பக்கத்தில் சிறு சாவித்துளையோடு வந்த உட்பூட்டும் இவ்வாறே ஒரு பிரிவினையை உண்டாக்கியது. ‘பூட்டுக்கு முந்தையது’ என்ற ஒரு சொற்றொடரே இன்று விலையை உயர்த்துகிறது.

ஒரு பழைய மாடல் 29-ஐக் கையிலெடுத்து ஆராயும் முறையும் தனிக் கலையாகும். முதலில் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்தபின், சுத்தியலை மெல்லப் பின்னிழுக்க வேண்டும். சுத்தியல் நிற்கும் முன்பே உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ளாவிட்டால் கால ஒழுங்கு கெட்டிருக்கிறது என்று பொருள். உருளையை விரல்களால் முன்னும் பின்னும் அசைத்தால் தென்படும் ஆட்டம், மிகுந்த வலுத் தோட்டாக்கள் சுடப்பட்டதைக் காட்டிக்கொடுக்கும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மெல்லிய தகட்டளவியால் அளந்தால், ஆயிரத்தில் நான்கு முதல் எட்டு அங்குலத்துக்குள் அது அடங்க வேண்டும். குண்டு உருளையிலிருந்து குழலுக்குள் நுழையும் கூம்பு வாயில் விரிசலோ அரிப்போ இருக்கிறதா என்றும், அதற்கு நேர் மேலே சட்டக மேற்பகுதியின் அடிப்பக்கத்தில் சூடான வாயு கோடாக அறுத்த தடம் எவ்வளவு ஆழம் என்றும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். அடுத்து வருவது மெருகு. மீண்டும் நீல மெருகேற்றிய துப்பாக்கி முதற்பார்வையில் புதிதினும் புதிதாகப் பளபளக்கும். ஆனால் திருகுத் துளைகளின் ஓரம் தட்டுப்போலக் குழிந்திருக்கும், கூரிய விளிம்புகள் மழுங்கியிருக்கும், பொறித்த எழுத்துகளின் கரைகள் தேய்ந்திருக்கும். தேய்மானம் தெரியும் மூல மெருகு, குறையற்ற மறுமெருகைவிட மேலானது என்ற விதியை அறியாதவர்கள், அன்பு மிகுதியால் தங்கள் தந்தையின் துப்பாக்கியைப் புதுப்பித்து அதன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்கள்.

மூல நிலை என்ற இந்த அளவுகோல் ரூகர் நிறுவனத்தின் பிளாக்ஹாக் வரிசையில் நெஞ்சைத் தொடும் ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. 1956-இல் .44 மேக்னத்துக்கென வெளிவந்து, சட்டகத்தின் மேற்பகுதி தட்டையாக அமைந்ததால் ‘ஃபிளாட்டாப்’ எனப்பட்டவையும், 1959-இல் வந்த சூப்பர் பிளாக்ஹாக்கின் முந்தைய வடிவங்களும் சேகரிப்பாளர்கள் விரும்புபவை. ஆனால் 1973-க்கு முன் செய்த இவற்றில், சுத்தியலுக்கு நேரே தோட்டா இருந்தால், துப்பாக்கி தவறி விழும்போது வெடித்துவிடக்கூடும். அந்த அறையைக் காலியாக விட்டுச் செல்வதே பாதுகாப்பான வழக்கம். விசையை அழுத்தினாலன்றிச் சுத்தியலின் அடி ஊசியைச் சேராதபடி இடைக்கட்டை ஒன்றை அமைத்த புதிய வடிவம் 1973-இல் வந்தது. பழையவற்றிலும் அத்தகைய பாதுகாப்பைக் கட்டணமின்றிப் பொருத்தித் தர நிறுவனம் பின்னர் முன்வந்தது. கழற்றிய மூல உறுப்புகளை உரிமையாளருக்கே திருப்பி அனுப்பவும் செய்தது. மாற்றம் செய்யாதவற்றுக்கே சேகரிப்பாளரிடையே கூடுதல் விலை கிடைக்கிறது என்றாலும், சுடுவதற்கென வைத்திருப்பவர் மதிப்புக் கருதி இந்தப் பாதுகாப்பை மறுப்பது ஏற்கத்தக்கதன்று. கழற்றிய உறுப்புகள் சிறு பையோடு பத்திரமாக இருந்தால் இழப்பின் பெரும்பகுதி ஈடுசெய்யப்படுகிறது. அப்பையைக் குப்பையில் எறிந்த வாரிசுகளே உண்மையான இழப்புக்கு ஆளானவர்கள்.

கோல்ட் நிறுவனத்தின் நிலை வேறு. ஆழ்ந்த நீல மெருகுக்குப் பெயர்பெற்ற பைத்தான், 1955 முதல் .357-க்கென ஏறத்தாழ அரை நூற்றாண்டு செய்யப்பட்டது. அதன் உற்பத்தி நின்றதும், 2010-இல் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கையில் அது காட்சியளித்ததும் சேர்ந்து விலையை உயர்த்தின. .44 மேக்னத்துக்கான அனகோண்டா 1990-இல்தான் வந்தது. பைத்தான் 2020-இலும் அனகோண்டா 2021-இலும் உள்ளமைப்பு மாற்றங்களோடு மீண்டும் வெளியிடப்பட்டன. சுடுவதற்கு விரும்பியவர்கள் புதியவற்றை நாட முடிந்ததால், பழையவை முழுவதும் சேகரிப்பாளர்களின் பொருளாக மாறின.

தோட்டா கிடைப்பதே அரிதாகிவிட்ட துப்பாக்கிகளும் உள. 1980-களின் தொடக்கத்தில் ரூகர் வெளியிட்ட .357 மாக்ஸிமம், சட்டகத்தின் மேற்பகுதி வாயுவால் அரிக்கப்படுகிறது என்ற கவலை எழுந்ததால் குறுகிய காலத்திலேயே நிறுத்தப்பட்டது. வேறு வகையில் தனித்து நிற்பவையும் உண்டு. குழலைக் கழற்றி மாற்றும் வசதியைத் தந்த மாசசூசெட்ஸின் டான் வெஸ்ஸன் ரிவால்வர்கள், மாற்றுக் குழல்களும் திருகு சாவியும் உடனிருந்தால் மட்டுமே முழு மதிப்பைப் பெறும். வையோமிங் மாநிலத்தில் 1983 முதல் .454 கசுல் தோட்டாவுக்கென மிகக் குறைந்த எண்ணிக்கையில், மிகுந்த துல்லியத்தோடு செய்யப்படும் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் ரிவால்வர்களை உரிமையாளர்கள் எளிதில் கைவிடுவதில்லை. ஆற்றலும் அருமையும் ஒருங்கே சேர்ந்த சில விதிவிலக்குகளுள் இவை அடங்கும். பிரிட்டனின் .455 வெப்லி பெருந்துளையாயினும் மிதமான ஆற்றலுடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்த பலவற்றின் உருளைப் பின்புறத்தை அங்கு எளிதில் கிடைத்த .45 தோட்டாவுக்காகச் செதுக்கிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் அப்பழைய சட்டகத்துக்கு மிகுதி என்பதால் பாதுகாப்பும் போயிற்று, மூல நிலையும் போயிற்று.

காகிதச் சான்றின் வலிமைக்கு 1847-இன் கோல்ட் வாக்கரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்டு, இரண்டு கிலோவுக்கும் மிகுந்த எடையோடு .44 துளையில் அமைந்த அது, 1935 வரை தொழிற்சாலைகள் தந்த ரிவால்வர்களில் மிக ஆற்றல் வாய்ந்ததாகப் பொதுவாக மதிக்கப்படுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் தலைவர் ஒருவர் வாங்கியதும், பெட்டியோடு தப்பிப் பிழைத்ததுமான ஒன்று 2018-இல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது. சட்டவிரோதி பில்லி தி கிட்டைச் சுட்டுக்கொன்ற பேட் காரெட்டின் கோல்ட் ரிவால்வர் 2021-இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அது உலோகத்துக்கோ ஆற்றலுக்கோ கிடைத்த விலையன்று, ஐயமற நிறுவப்பட்ட கைமாற்ற வரலாற்றுக்குக் கிடைத்தது. எளிய அளவில், துப்பாக்கி எந்த நாளில் எந்த வணிகருக்கு எந்த வடிவில் அனுப்பப்பட்டது என்பதைத் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து உறுதிசெய்யும் மடல் இதே பணியைச் செய்கிறது. வெறும் வாய்மொழிக் கதைக்கு விலை கொடுக்கக் கூடாது என்பதில் அனுபவம் மிக்க சேகரிப்பாளர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.

இச்சந்தையின் எல்லைகளைச் சட்டமே வரைகிறது. பிரிட்டன் 1997-இல் கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. கனடா 2022 அக்டோபரில் தனிநபர்களிடையே அவற்றின் விற்பனையை முடக்கியது. அமெரிக்காவில் 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தவர் மற்றொரு மாநிலத்தவருக்கு விற்கும் துப்பாக்கி உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே, பின்னணிச் சோதனைக்குப் பிறகு கைமாற வேண்டும். மாநிலத்துக்குள் நடக்கும் தனியார் விற்பனைக்கான விதிகள் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றன. செய்து ஐம்பது ஆண்டுகள் கடந்த, மூல அமைப்பு மாறாத துப்பாக்கிகளை அச்சட்டம் அரும்பொருள் என்ற தனி வகையில் சேர்க்கிறது. அதற்குரிய சேகரிப்பாளர் உரிமம் பெற்றவர், அவற்றை வேறு மாநிலத்திலிருந்தும் இடையில் வணிகர் இன்றி நேரடியாகப் பெற முடியும். 1970-களின் முதற்பாதியில் செய்யப்பட்ட ‘என்’ வரிசை மாடல் 29-கள் ஏற்கெனவே அந்த வயதை எட்டிவிட்டன. அக்காலத்துத் துப்பாக்கிகள் ஆண்டுதோறும் இவ்வகைக்குள் புகுவதால், ஆணியும் குடைந்த உருளையும் உள்ளவற்றை நாடுவோரின் வட்டம் விரிகிறது. அவை நீக்கப்பட்டபின் வந்த துப்பாக்கிகள் அவ்வகைக்குள் வர 2032-க்கு மேல் ஆகும்.